1925 போஸ்டரில் எஸ்.என்.சி.எஃப். எப்படி வந்தது? ஷெனோன்சோ கோட்டைப் படம் பற்றி ஒரு சந்தேகம்

சுவர்தேடி (கோவை)

வணக்கம். எங்கள் வீட்டு ஹாலில் சோபாவுக்கு மேலே ஒரு பெரிய சுவர் காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலத்து ரயில் கம்பெனி போஸ்டர் மாதிரி ஏதாவது மாட்டலாம் என்று தேடியபோது ஒரு இணையக் கடையில் பிரான்ஸின் ஷெனோன்சோ கோட்டைப் படம் கண்ணில் பட்டது. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் மாதிரி நிற்குமே, அதேதான். விலை 4,800 ரூபாய், ஃபிரேம் தனி. "அசல் 1925 பிரெஞ்சு ரயில்வே போஸ்டரின் மறுபதிப்பு" என்று போட்டிருக்கிறார்கள்.

படம் கீழே இணைப்பில். கைப்பேசியில் திறக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: இடது பக்கம் கோட்டையின் முக்கியக் கட்டடம், மூலைகளில் கூம்புக் கூரையோடு சின்னக் கோபுரங்கள், ஓரத்தில் ஒரு குட்டி தேவாலயம். அங்கிருந்து வலது பக்கமாக ஆற்றின் மேல் நீண்டு போகும் மண்டபம். கூரை முழுக்கச் செங்கல் சிவப்பு. பின்னால் ஆரஞ்சு வானம், பாதி மறைந்த சூரியன். மேலே பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர். அடியில் எஸ்.என்.சி.எஃப். என்றும் 1925 என்றும் இருக்கிறது. காகிதம் பழுப்பேறி மடிப்பு விழுந்த மாதிரி காட்டியிருக்கிறார்கள்.

நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது. வாங்கலாமா? அசல் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தண்டவாளக்காதலன் (சென்னை)

அந்த அடிவரியே போதும், அசல் இல்லை.

எஸ்.என்.சி.எஃப். என்ற தேசிய ரயில்வே 1938 ஜனவரி 1-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிரான்ஸ் முழுக்கத் தனித்தனிக் கம்பெனிகள், கூடவே அரசாங்கப் பாதைகள் கொஞ்சம். தெற்கே மத்தியதரைக்கடல் பக்கம் போக பி.எல்.எம்., வடக்கே நோர், கிழக்கே எஸ்ட் என்று ஆளுக்கொரு பகுதி. ஷெனோன்சோ உட்பட லுவார் பள்ளத்தாக்குக் கோட்டைகள் எல்லாம் பாரிஸ்–ஓர்லெயான் கம்பெனியின் எல்லைக்குள் வரும். சுருக்கமாக பி.ஓ. 1838-ல் தொடங்கிய பழைய கம்பெனி. 1934-ல் மிதி என்ற இன்னொரு ரயில் கம்பெனியோடு கைகோத்துக்கொண்டு பி.ஓ.-மிதி ஆனது. ஆகவே 1925-ல் ஷெனோன்சோவுக்கு யாராவது போஸ்டர் போட்டிருந்தால் அடியில் பி.ஓ.வின் பெயர்தான் இருக்கும். எஸ்.என்.சி.எஃப். என்று போட்டவர் பதிமூன்று வருடம் முன்கூட்டியே ஜோசியம் பார்த்திருக்க வேண்டும்.

பழைய பிரெஞ்சு ரயில் போஸ்டருக்குக் காலம் சொல்ல இதுதான் சுலபமான வழி. கீழே கம்பெனி பெயரைப் பாருங்கள். பி.ஓ. என்றால் 1934-க்கு முன், பி.ஓ.-மிதி என்றால் 1934-க்கும் 1937 முடிவுக்கும் இடையில், எஸ்.என்.சி.எஃப். என்றால் அதற்குப் பின்.

பி.ஓ. தன் கோட்டைகளை விளம்பரப்படுத்தியது உண்மைதான். 1920-களில் கோன்ஸ்தான் துவால் என்ற ஓவியர் லுவார் கோட்டைகளை அந்தக் கம்பெனிக்காகத் தொடர்ந்து வரைந்தார். கடைக்காரர் அதைக் கேள்விப்பட்டுத்தான் 1925 என்று போட்டிருப்பார் போல.

---

வெட்டிப்பேச்சு (திருச்சி)

ஐயா, அவங்க கேட்டது சோபாவுக்கு மேல மாட்ட ஒரு படம். டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை இல்லை. நிறம் பிடிச்சிருக்கு, சுவர் காலி, 4,800 ரூபாய் கையில் இருக்கு. மாட்டிட்டுப் போகட்டுமே! வர்ற விருந்தாளி யாராவது பூதக்கண்ணாடி வைத்து எஸ்.என்.சி.எஃப். எந்த வருஷம்னு பார்க்கப் போறாங்களா?

---

லித்தோ_அண்ணாச்சி (சிவகாசி)

தம்பி வெட்டிப்பேச்சு, மாட்டுவது தப்பில்லை. "அசலின் மறுபதிப்பு" என்று சொல்லி விற்பதுதான் தப்பு. அசல் என்று ஒன்று இருந்தால்தானே மறுபதிப்பு?

அச்சுக்காரன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் லித்தோவில், அதாவது கல்லச்சில், ஓடிய கதையை அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான்.

முதலில் எழுத்து. அந்த ஊர்ப் பெயரில் சி இரண்டு தடவை, ஈ இரண்டு தடவை, என் இரண்டு தடவை வருகிறது. இணைப்பைப் பெரிதாக்கி ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். மூன்று ஜோடியும் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது. கம்ப்யூட்டர் ஃபான்ட். அந்தக் காலப் போஸ்டரில் தலைப்பெழுத்தை ஓவியரோ எழுத்துக்காரரோ கையால் வரைவார். எவ்வளவு தேர்ந்த கையானாலும் இரண்டு ஈ-க்கு நடுவில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும்.

அடுத்து மடிப்பு. பழைய போஸ்டரை நான்காகவோ எட்டாகவோ மடித்து வைப்பார்கள், அதனால் மடிப்புக்கோடு சமமான கட்டங்களாக விழும். இரண்டு மடிப்பு சந்திக்கும் முனையில்தான் முதலில் மை உதிர்ந்து காகிதம் வெளுக்கும். இந்தப் படத்தில் மடிப்பு கோணல்மாணலாக ஓடுகிறது, அதன் மேல் மை இன்னும் கருப்பாக இருக்கிறது. காகிதம் மடிந்தால் மை போகும், அதிகமாகாது.

கடைசியாக நிறம். வானத்தில் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்குப் பனி மாதிரி நழுவிப் போகிறதே, அது திரையில் போட்ட கிரேடியன்ட். லித்தோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல், அல்லது ஒரு துத்தநாகத் தகடு. எண்ணெய்ப் பசையுள்ள மசியால் வரைந்த இடத்தில் மை ஒட்டும், ஈரம் பட்ட மற்ற இடத்தில் ஒட்டாது. இவ்வளவுதான் சூட்சுமம். 1790-களின் கடைசியில் பவேரியாவில் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. நல்ல கல்லும் அங்கே சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்தான். நிறம் மெல்லிசாக வேண்டும் என்றால் கல்லில் கிரேயான் தேய்ப்பார்கள், இல்லை பிரஷ்ஷால் மையைத் தெறிப்பார்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மணல் தூவிய மாதிரி ஒழுங்கில்லாத புள்ளிகள் தெரியும். ஆஃப்செட் மறுபதிப்பில் நான்கு நிறப் புள்ளிகள் பூ மாதிரி வட்டம் கட்டி நிற்கும். இங்க்ஜெட் என்றால் தூசி மாதிரி பொடிப் பொடியாக இருக்கும். அசலா நகலா என்று பார்க்க முதலில் லூப்தான், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஒன்று மறந்துவிட்டேன். அந்தக் காலத்தில் பிரான்ஸில் பொது இடத்தில் ஒட்டும் போஸ்டருக்கு முத்திரை வரி இருந்தது. அதனால் பழைய போஸ்டர் பலவற்றின் ஓரத்தில் ஒரு ரெவின்யூ முத்திரை இருக்கும். அதைப் போலியாகப் போடக்கூட இந்தக் கடைக்காரருக்குத் தோன்றவில்லை!

---

பரிஸ்வாசி (பிரான்ஸ்)

எல்லோருக்கும் வணக்கம். நான் பரிஸ் நகரில் இருக்கிறேன். ஊரிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் ஒருநாள் லுவார் பக்கம் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அதனால் இந்தக் கோட்டையை எல்லாப் பக்கத்தாலும் பார்த்திருக்கிறேன்.

சுவர்தேடி தங்கச்சி, நீங்கள் போட்ட படத்தைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது.

ஷேர் நதி கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. கோட்டையின் முக்கியக் கட்டடம் வடகரையை ஒட்டி, தண்ணீருக்குள் நிற்கிறது. மண்டபம் அங்கிருந்து தெற்கே, மற்றக் கரைக்குப் போகிறது. அந்தச் சின்னத் தேவாலயம் இருப்பது கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தில். கோட்டையை முன்பு வைத்திருந்த டயான், கேத்தரின் என்ற இரண்டு பெண்களின் பெயரில் இரு பக்கமும் தோட்டம் உண்டு. தேவாலயம் தெரிய வேண்டுமென்றால் நீங்கள் கிழக்கே, டயானின் தோட்டத்துப் பக்கம் நிற்க வேண்டும். அங்கே நின்றால் கோட்டை உங்கள் வலக்கைப் பக்கம், மண்டபம் இடக்கைப் பக்கமாக நீளும். மேற்கே, கேத்தரினின் தோட்டத்துப் பக்கம் நின்றால்தான் கோட்டை இடப்பக்கம் வரும், ஆனால் அங்கிருந்து தேவாலயம் தெரியாது. இந்தப் படத்தில் கோட்டை இடப்பக்கம், தேவாலயமும் தெரிகிறது. உலகத்தில் எந்த இடத்தில் நின்றாலும் இப்படிப் பார்க்க முடியாது.

கூரையும் பிழை. அங்கே கூரையெல்லாம் ஸ்லேட் பலகைக்கல். வெயிலில் சாம்பல் நீலம், மழை நனைந்தால் கறுப்பு. சுவர் தூஃபோ என்கிற மெதுவான சுண்ணாம்புக்கல், வெள்ளைக்கும் பால்நிறத்துக்கும் நடுவில் ஒரு நிறம். லுவார் கோட்டை என்றாலே வெள்ளைச் சுவரும் நீலக்கூரையும்தான். இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்ததோ.

---

லித்தோ_அண்ணாச்சி

பரிஸ்வாசி சொன்ன பிறகு இன்னொன்று தோன்றுகிறது. லித்தோ கல்லில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி, கண்ணாடியில் பார்ப்பது போலத்தான் வரைய வேண்டும். காகிதத்தில் விழும்போது நேராகும். எனவே அந்தக் காலத்தில் யாராவது தவறிப்போய் நேராக வரைந்திருந்தால் எழுத்தும் சேர்ந்து திரும்பியிருக்கும். இங்கே எழுத்து நேராக இருக்கிறது, படம் மட்டும் திரும்பியிருக்கிறது. யாரோ ஒரு புகைப்படத்தை எடுத்து, அடையாளம் தெரியாமல் இருக்க ஃபிளிப் பட்டனை அமுக்கி, மேலே ஃபில்டர் போட்டிருக்கிறார்கள்.

---

கோடும்நிறமும் (பெங்களூரு)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். போஸ்டர் வடிவமைப்புதான் என் பிழைப்பு என்பதால் வாய் சும்மா இருக்கவில்லை.

நிழலைப் பாருங்கள். மேலே ஐந்து வளைவு வரைந்திருக்கிறார்கள், தண்ணீரில் ஏழு வளைவு தெரிகிறது. ஃபில்டர் அல்ல அண்ணாச்சி, செயற்கை நுண்ணறிவு வரைந்த படமாக இருக்கலாம். அதற்கு வளைவு எண்ணத் தெரியாது.

ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. இப்போது 'வின்டேஜ்' என்ற பெயரில் விற்கும் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே செய்முறைதான்: ஆரஞ்சு வானம், பழுப்புக் காகிதம், தடித்த எழுத்து. கோட்டை எதுவானாலும் சரி. ஹைடெல்பெர்க் போடுங்கள், ஷெனோன்சோ போடுங்கள், அதே வானம்தான் வரும். அந்தக் காலத்து ஓவியர் நிறத்தை அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கையில் ஐந்தாறு மை, அதற்கு மேல் போனால் செலவு. ஆக ஒவ்வொரு மையும் இரண்டு மூன்று வேலை செய்தாக வேண்டும். கூரைக்கு வைத்த சாம்பல் நீலத்தையே வளைவுக்கு அடியில் விழும் நிழலுக்கும், தண்ணீரின் இருண்ட பகுதிக்கும் போடுவார்கள். மரத்துப் பச்சையின் மேல் அதே நீலம் ஏறினால் கரும்பச்சை இலவசமாகக் கிடைக்கும். வெள்ளைச் சுவருக்கு மையே வேண்டாம், காகிதத்தை அப்படியே விட்டுவிட்டால் போதும். சுவரைச் சுற்றி மற்றதை வரைந்தால் சுவர் தானே எழுந்து நிற்கும். நல்ல போஸ்டர் ஒன்றைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெயில் சுவரில் விழுவது போலத் தோன்றும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அங்கே அச்சே இருக்காது, வெறும் காகிதம்.

வெட்டிப்பேச்சு அண்ணா, நிறம் பிடித்திருந்தால் போதாதா என்று கேட்டீர்கள். போதும். ஆனால் அந்த நிறம் ஏன் அழகாக இருந்தது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது, காரணத்தை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் எடுத்தால் இப்படிச் சிவப்புக் கூரையில் போய் முடியும்.

---

வெட்டிப்பேச்சு

சரிம்மா. ஆனா பழைய போஸ்டர் மட்டும் என்ன அரிச்சந்திரனா? அதுவும் விளம்பரம்தானே. கூட்டம் இருக்காது, மழை இருக்காது, ஆற்றுத் தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும். அதுவும் ஆளை ஏமாத்தி டிக்கெட் விக்கறதுக்குப் போட்டதுதான். இன்னிக்கு ஏமாத்துறவன் மேல மட்டும் ஏன் கோபம்?

---

தண்டவாளக்காதலன்

நல்ல கேள்வி. பதில் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: டிக்கெட்.

பொய் சொன்னார்கள், ஆனால் அந்தப் பொய்க்கு ஒரு எல்லை இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டுப் பாரிஸ்காரர் ஒருவர் ஓர்சே ஸ்டேஷனில் ஏறி, தூர் என்ற ஊர் வரை போய், அங்கே வண்டி மாறி ஷெனோன்சோவில் இறங்குவார். இறங்கிய ஆள் போஸ்டரில் பார்த்த காட்சியைக் கண்ணால் பார்க்க வேண்டும். இடம் வலம் மாறியிருந்தால் கம்பெனிக்குத்தான் அவமானம். கூட்டத்தை அழிக்கலாம், வானத்தைக் கொஞ்சம் மெருகேற்றலாம், கோட்டையைத் திருப்பி வைக்க முடியாது. இன்றைய படத்துக்குப் பின்னால் ரயில் இல்லை, போகிற பயணியும் இல்லை. அதனால் எதை எப்படி வைத்தாலும் கேட்க ஆளில்லை.

ஓர்சே என்றதும் ஒரு துணைக்கதை. இன்று ஓவியங்களுக்குப் பேர்போன ஓர்சே அருங்காட்சியகம் இருக்கிறதே, அதே கட்டடம்தான். 1900-ல் பி.ஓ. கட்டிய ஸ்டேஷன். லுவார் பக்கம், போர்தோ பக்கம் போகும் வண்டிகள் அங்கிருந்துதான் கிளம்பின. வண்டிகள் நீண்டுகொண்டே போக, பிளாட்பாரம் குட்டையாகிவிட்டது. 1939-ல் தொலைதூர வண்டிகளை நிறுத்தினார்கள். 1986-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். லுவார் போஸ்டர் பார்த்து ஆசைப்பட்டவர்கள் பெட்டியோடு நின்ற இடத்தில் இப்போது சிற்பங்கள் நிற்கின்றன.

---

பரிஸ்வாசி

தண்டவாளக்காதலன் சொன்னது சரி. இன்றைக்கும் அது ரயிலில் போக வேண்டிய இடம்தான். தூரிலிருந்து உள்ளூர் வண்டியில் அரை மணி நேரம் அளவில் போய்விடலாம். நிலையம் கோட்டை வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே போனால் இரண்டு பக்கமும் உயர்ந்த பிளேன் மரங்கள், நீளமான நடைபாதை. முதலில் ஒன்றும் தெரியாது. கிட்டப் போன பிறகுதான் வெளிமுற்றத்தில் ஒரு தனிக் கோபுரம் தெரியும். மார்க் குடும்பத்தின் பழைய கோட்டையில் மிஞ்சியது அது ஒன்றுதான். மற்றதை இடித்துவிட்டுத்தான் தோமா போயே 1513-இலிருந்து 1521 வரை இப்போதைய கட்டடத்தைக் கட்டினார். ஆற்றுக்குள் இருந்த பழைய மாவு ஆலையின் அடித்தளத்தின் மேலேயே எழுப்பினார்கள். அவர் ராசாவின் வேலையாகப் போர்க்களங்களில் இருந்ததால் கட்டட வேலையைப் பார்த்தது மனைவி கத்தரின் பிரிசொனே.

பிறகு வந்ததும் பெண்களின் கதைதான். பிரான்ஸ் ராசா இரண்டாம் ஹென்றி தன் காதலி டயான் தெ புவாத்தியேக்கு இதைக் கொடுத்தான். மற்றக் கரைக்குப் போகப் பாலம் கட்டுவித்தது டயான், கட்டியவர் ஃபிலிபேர் தெலோர்ம். 1559-இல் ராசா செத்தான். பட்டத்து ராணி கேத்தரின் தெ மெடிசி என்ன செய்திருப்பா? டயானிடமிருந்து இதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஷோமோன் கோட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டா. அதோடு விடவில்லை. டயான் கட்டிய பாலத்தின் மேலேயே இரண்டு அடுக்கு மண்டபத்தை ஏற்றினா. 60 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 18 யன்னல். எல்லாப் போஸ்டரிலும் நீங்கள் பார்க்கிற அந்த உருவம் கோபத்தில் கட்டியது என்றுதான் நான் வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்வேன்.

உள்ளே தரை கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பதித்தது. கல் தேய்ந்து அங்கங்கே குழி விழுந்திருக்கும். யன்னலோரம் நின்றால் காலடியில் ஆறு போவது தெரியும். முதலாம் உலகப் போரில் அந்த மண்டபத்தை ஆஸ்பத்திரியாக்கினார்கள். 120 கட்டில். 2000-க்கும் மேற்பட்ட காயக்காரர் அங்கே கிடந்து சுகப்பட்டார்கள்.

இரண்டாம் போர் வந்தபோது இன்னும் விசித்திரம். ஷேர் நதிதான் எல்லைக்கோடு. வடகரை ஜெர்மன்காரர் கையில், தென்கரை 'சுதந்திரப் பகுதி'. முன்வாசல் ஒரு நாட்டில், மண்டபத்தின் மறுமுனைக் கதவு இன்னொரு நாட்டில் என்ற மாதிரி. 1940-இலிருந்து 1942 நவம்பர் வரை அந்தக் கதவால் தப்பிப் போனவர்கள் உண்டு. எல்லை தாண்டி வந்த எங்களுக்கு அந்தக் கதவுக்குக் கிட்ட நின்றால் கோட்டை, ராணி எல்லாம் மறந்துபோகும். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

---

சுவர்தேடி

அண்ணா, இதை எல்லாம் படித்த பிறகு அந்த 4,800 ரூபாய்ப் படத்தை வாங்க மனசே வரவில்லை. ஆனால் சுவர் இன்னும் காலிதான்! அசல் வாங்கும் வசதி இல்லை. நல்ல மறுபதிப்பு எங்கே கிடைக்கும்? நூலகத்திலிருந்து ஸ்கேன் எடுத்து நானே அச்சடித்துக்கொள்ளலாமா?

---

கோடும்நிறமும்

பார்ப்பதற்கு, பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பழைய போஸ்டர்கள் நிறைய இருக்கின்றன. பாரிஸில் ஃபோர்னே நூலகம் போஸ்டர் சேகரிப்புக்கே பேர்போனது. அச்சடிக்கும் முன் ஓவியர் எப்போது இறந்தார் என்று பாருங்கள். இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டு, பிரான்ஸில் 70 ஆண்டு வரை உரிமை உண்டு. பி.எல்.எம். கம்பெனிக்கு ஆல்ப்ஸ் மலையும் ரிவியேராவும் வரைந்த ரோஜர் புரோடெர்ஸ் 1953-ல் இறந்தார், இரண்டு கணக்கிலும் முடிந்துவிட்டது. நோர் எக்ஸ்பிரஸ் போஸ்டர் வரைந்த கசாந்த்ர் 1968-ல் இறந்தவர், அவருடையது இன்னும் முடியவில்லை. வீட்டுச் சுவரில் ஒன்று மாட்டுவதற்கு யாரும் வழக்குப் போடப் போவதில்லை, ஆனால் பத்துப் பிரதி போட்டு விற்கக் கிளம்பினால் கதை வேறு.

இந்தக் கோட்டைக்கும் போஸ்டருக்கும் ரயிலைத் தாண்டி இன்னொரு உறவு இருக்கிறது. 1913-ல் இதை வாங்கியது மெனியே குடும்பம், சாக்லேட் கம்பெனிக்காரர்கள். இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி நடத்தியதும் அவர்களில் கஸ்தோன் மெனியேதான். நமக்கு முதுகைக் காட்டி நின்று சுவரில் கம்பெனி பெயரை எழுதும் ஜடைபோட்ட சிறுமியின் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். ஃபிர்மேன் புவிசே 1890-களில் மெனியே சாக்லேட்டுக்கு வரைந்தது. பிரெஞ்சுப் போஸ்டர் வரலாறு என்று எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அந்தச் சிறுமி நிற்பாள்.

---

வெட்டிப்பேச்சு

சாக்லேட் வித்து ஆற்றுமேல கோட்டை வாங்கியிருக்கான். நான் தப்பான தொழிலுக்கு வந்துட்டேன்.

---

லித்தோ_அண்ணாச்சி

சுவர்தேடி, ஸ்கேன் எடுத்து இங்க்ஜெட்டில் அடிப்பது சுலபம். ஆனால் எனக்கு வேறு யோசனை. கோடும்நிறமும் அம்மா புதிதாக ஒன்று வரைந்து கொடுத்தால் ஐந்து நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் போடலாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே வேலை, அளவு மட்டும் பெரிது. லித்தோ மாதிரியே ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக ஏறும், மையின் கனம் விரலுக்குத் தெரியும். ஒரு காப்பிக்காக ஐந்து ஸ்கிரீன் போடுவது கட்டுப்படியாகாது. பதினைந்து இருபது பேர் சேர்ந்தால் அந்தக் கடை விலையைவிடக் குறைவாகவே முடித்துவிடலாம்.

இன்னொரு விஷயம், யார் எதை மாட்டினாலும் சரி: லேமினேட் செய்து மரப்பலகையில் ஒட்டித்தரும் கடைக்குப் போகாதீர்கள். ஒட்டிய காகிதத்தை அப்புறம் பிரிக்கவே முடியாது, ஈரம் ஏறினால் உள்ளேயே உப்பும். அமிலமில்லாத மவுன்ட் போர்டு கேளுங்கள். கண்ணாடி காகிதத்தைத் தொடக்கூடாது, நடுவில் இடைவெளி வேண்டும். பின்பக்கம் நன்றாக மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் ராமபாணப் பூச்சி உள்ளே குடித்தனம் நடத்தும். ஜன்னல் வெயில் நேராகப் படும் சுவராக இருந்தால் முதலில் போவது சிவப்பும் மஞ்சளும்தான். நீலம் கடைசிவரை நிற்கும்.

---

சுவர்தேடி

வெயில் நேராகப் படாது அண்ணாச்சி. எனக்கு ஒன்று. தங்கைக்கும் ஒன்று.

---

கோடும்நிறமும்

வேலை நிறைய இருக்கிறது என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் கை ஏற்கெனவே கிறுக்கத் தொடங்கிவிட்டது. டயானின் தோட்டத்துப் பக்கமிருந்து வரைகிறேன்: கோட்டை வலப்பக்கம், தேவாலயம் தெரியும், மண்டபம் இடப்பக்கம் ஓடும். முன்னால் ஓரத்தில் ஒரு இருண்ட மரம். அது இருந்தால்தான் பின்னால் வெள்ளைச் சுவர் எடுபடும். காகிதம் பால்நிறம், சுவருக்கு மை கிடையாது. பரிஸ்வாசி அண்ணா, கிழக்குப் பக்கத்திலிருந்து நீங்கள் எடுத்த போட்டோ இருந்தால் அனுப்புங்கள். தேவாலயத்துக்கும் முதல் வளைவுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பது எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும்.

கீழே கம்பெனி பெயர் எதுவும் போடமாட்டேன். பி.ஓ. என்று போட்டால் நாமும் அந்தக் கடைக்காரர் வேலையைத்தான் செய்கிறோம்.

---

வெட்டிப்பேச்சு

அப்ப அடியில வெறும் பட்டையா? மொட்டையா இருக்குமே.

எனக்கும் ஒன்னு எழுதிக்கோங்க. ஆனா அந்த அஸ்தமனச் சூரியன் வேணும். அது மட்டும் நல்லா இருந்துச்சு.

---

பரிஸ்வாசி

போட்டோ இன்றிரவு அனுப்புகிறேன். கீழே வெறுமையாக வேண்டாம் என்றால் "தூர் – வியெர்சோன் பாதை" என்று போடுங்கள். ஷெனோன்சோ நிலையம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது, இன்றைக்கும் வண்டி ஓடுகிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

தம்பியின் சூரியனுக்கும் தடையில்லை. கிழக்கே நின்று பார்த்தால் மேற்கே பார்க்கிறோம், பின்னேரம் சூரியன் கோட்டைக்குப் பின்னால்தான் இறங்கும். ஆனால் அப்போது நமக்குத் தெரிகிற சுவர் நிழலில் இருக்கும். வெள்ளைச் சுவர் வேண்டுமா, சூரியன் வேண்டுமா என்று தீர்மானியுங்கள். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

---

கோடும்நிறமும்

சுவர்தான். மன்னிக்கவும் அண்ணா, காலை வெளிச்சத்தில் வரைகிறேன். உங்கள் ஆரஞ்சை டயானின் தோட்டத்துப் பூவில் கொஞ்சம் வைத்துவிடுகிறேன்.

---

லித்தோ_அண்ணாச்சி

ஆரஞ்சு என்றால் அது ஆறாவது ஸ்கிரீன் அம்மா. மஞ்சளின் மேல் சிவப்பை ஏற்றி எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஐந்துக்குள் முடித்தால்தான் நான் சொன்ன விலை நிற்கும். ஃபைல் அனுப்பும்போது ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக, முழுக் கறுப்பில் வேண்டும். நிறங்கள் சந்திக்கும் இடத்தில் அரை மில்லிமீட்டர் ஏறிக்கொள்ளும்படி வையுங்கள், இல்லையென்றால் காகிதம் கொஞ்சம் இழுத்தாலும் வெள்ளைக்கோடு தெரியும். அளவு 50க்கு 70 சென்டிமீட்டர். அதற்கு மேல் என் மேஜை தாங்காது. பெயர் கொடுப்பவர்கள் இந்த இழையிலேயே கொடுங்கள், தனிமடலில் வந்தால் எண்ணிக்கை குழம்பும்.

---

தண்டவாளக்காதலன்

எனக்கு இரண்டு. ஒன்று மாட்ட, ஒன்று சுருட்டி வைக்க.